வேலையற்றோர் வளர்த்த உயிர்காப்புப் பணி

நள்ளிரவில் நோயாளிகளின் இல்லங்களுக்கு அழைக்கப்படும் நாம், வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடத்தின் அருமையையும் அறிவோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலோ, 1960-களில் நோயாளியை ஏற்றிச் செல்ல வந்தது போலீஸ் வேன். இல்லையேல், சவ அடக்கம் செய்வோரின் வண்டி! உடன் வருவோருக்குச் சிகிச்சை தெரியாது. அந்நகரின் முன்னாள் மேயர் டேவிட் லாரன்சும் 1966-ல் மேடையில் மயங்கி விழுந்தபோது போலீஸ் வண்டியில்தான் கொண்டுசெல்லப்பட்டார், அவர் பிழைக்கவில்லை.

அதே ஆண்டில் டாக்டர் பீட்டர் சாஃபர் தம் சிறு மகளை ஆஸ்துமா நோய்க்குப் பறிகொடுத்தார். மூச்சு நின்றோருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பரப்பியவர் அவரே என்பதை எண்ணுகையில் நம் நெஞ்சம் கனக்கிறது. துயரில் முடங்காமல், 1967-ல் தொடங்கிய 'ஃபிரீடம் ஹவுஸ்' அமைப்புடன் அவர் கைகோத்தார். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏழ்மைப் பகுதியில் வேலையின்றித் திரிந்த கறுப்பின இளைஞர்களுக்கு உடற்கூற்றியலும் உயிர்மீட்புச் சிகிச்சையும் கற்பிக்கப்பட்டன. அவர்களுள் பள்ளிப்படிப்பை முடிக்காதவரும் உண்டு. 1968 முதல் அவர்களுடைய வண்டிகள் ஓடின. மருத்துவமனை வாசலில் தொடங்கிய சிகிச்சை, நோயாளி விழுந்து கிடந்த தெருவிலேயே தொடங்கிற்று.

1975-ல் நகராட்சி தனக்கென ஆம்புலன்ஸ் பணியைத் தொடங்கி, ஃபிரீடம் ஹவுஸ் பணியை மூடியது. வழிகாட்டியவர்களுள் பலர் புதிய பணியினின்று ஒதுக்கப்பட்டனர். இதை நன்றிகெட்ட செயல் என்றே நாம் சொல்வோம். நிலைத்து நின்ற ஜான் மூன், பின்னாளில் அந்நகராட்சிப் பணியின் உதவித் தலைவரானார்.