கிண்டல் புரியாததும் நோயின் பகுதிதான்

கல்யாண வீட்டில் மாமா ஒருவர், “என்ன தம்பி, பெரிய ஆளாயிட்டே, கண்ணுலயே படமாட்டேங்கிற” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். மனச்சிதைவு நோய் உள்ள இளைஞர் முகம் இறுகி எழுந்து போய்விடுகிறார். “திமிரு” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாத்திரை சாப்பிடுகிறார், காதில் குரல் கேட்பதும் நின்றுவிட்டது. பிறகும் ஏன் இப்படி என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

விடையின் ஒரு பகுதி மூளையில் இருக்கலாம். அங்கே தூண்டும் செல்களைப் போலவே அடக்கும் செல்களும் உண்டு. ‘காபா’ என்ற வேதிப்பொருளைச் சுரந்து, வேண்டாத சத்தத்தையும் எண்ணத்தையும் அவை மட்டுப்படுத்தும். ‘டிக்’ என்ற ஒலியை அரை நொடி இடைவெளியில் இருமுறை எழுப்பினால், இரண்டாவதற்கு மூளை அவ்வளவாக அசையாது. மனச்சிதைவு உள்ள பலருக்கு அந்தத் தணிவு குறைவு. இப்படி அடக்கும் திறன் குறைவதற்கும் பிறர் உணர்ச்சியைப் படிக்கத் தடுமாறுவதற்கும் தொடர்பு இருப்பதை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் காந்தத் துடிப்புச் சோதனை மூலம் கண்டிருக்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திமிர் என்று சொல்வது அநியாயம்.

குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் மாத்திரைகள் பிறர் உணர்ச்சியைப் படிக்கும் திறனைப் பெரிதாக மீட்பதில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. கூடவே பயிற்சி வேண்டும்: முகப்படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, பேச்சை நடித்துப் பழகுவது. வீட்டிலும் “சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்ப்பா” என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மருந்து மட்டுமல்ல, மறுவாழ்வுச் சேவையும் அரசு தரவேண்டிய உரிமை. டாக்டர் மருந்துச்சீட்டோடு முடித்துக்கொண்டால், “பழகும் பயிற்சிக்கு எங்கே அனுப்புவீங்க?” என்று கேளுங்கள். சேவையில் குறை இருந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம். சட்ட உதவி இலவசம். காப்பீட்டு நிறுவனம் உடல் நோய்க்கு ஒரு நியாயம், மன நோய்க்கு ஒரு நியாயம் என்று பிரிக்க முடியாது. அரசு வேலையில் இருப்பவருக்கு நோய் வந்து ஊனமாக முடிந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவரை வேலையை விட்டு நீக்க விடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றலாம். தனியார் வேலையில் இவ்வளவு பிடிமானம் இல்லை என்பது கசப்பான உண்மை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.