மூன்று மாகாணங்கள், மூன்று சட்டங்கள்: கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு குறும்பயணம்

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வேர்ட் தீவு ஆகிய மூன்று மாகாணங்களும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஹலிஃபக்ஸில் வாகனம் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் மொன்க்டன். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீவுக்குப் போகும் பாலம். எல்லையில் காவற்சாவடி கிடையாது, வரவேற்புப் பலகை ஒன்று நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையைத் தாண்டியதும் வேக எல்லை, விற்பனை வரி, விபத்துக்கான நட்டஈட்டுச் சட்டம், முறைப்பாடு கொடுக்க வேண்டிய அலுவலகம் எல்லாமே மாறிவிடும். ரொறன்ரோவிலிருந்து கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் மலிவான விமானச் சீட்டை வாரக்கணக்கில் தேடுவதுண்டு. எந்தப் பாதுகாப்பு தங்களோடு கூட வரும், எது ஒன்ராறியோவிலேயே நின்றுவிடும் என்று பார்ப்பவர்கள் குறைவு.

பாதையைத் தீர்மானிக்கும்போது நாட்கணக்கே முதலில் வர வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஹலிஃபக்ஸுக்குத் தரைவழி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். ஐந்து நாள் விடுமுறையில் நான்கு நாள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். குறும்பயணத்துக்கு ஹலிஃபக்ஸ் வரை விமானத்தில் போய் அங்கே வாடகை வாகனம் எடுப்பதே புத்தி. ஹலிஃபக்ஸ், பெக்கீஸ் கோவ், ஜொகின்ஸ், ஹோப்வெல் பாறைகள், சார்லட்டவுன், மறுபடியும் ஹலிஃபக்ஸ் என்ற வளையம் 900 கிலோமீட்டர் அளவில் முடியும். இதோடு கேப் பிரெட்டனையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். அங்குள்ள கபட் ட்ரெயில் வீதி மட்டுமே 298 கிலோமீட்டர் என்பதால் அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாகாணங்களிலும் கடிகாரம் ரொறன்ரோவை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

தீவையும் நியூ பிரன்சுவிக்கையும் இணைக்கும் கொன்ஃபெடரேஷன் பாலம் 12.9 கிலோமீட்டர் நீளமானது, 1997இல் திறக்கப்பட்டது. கட்டணம் தீவை விட்டு வெளியேறும்போது மட்டுமே அறவிடப்படும். 50 டாலருக்குச் சற்று அதிகமாக இருந்த அது 2025 ஆகஸ்ட் முதல் 20 டாலராகக் குறைந்தது. வுட் ஐலண்ட்ஸ் துறையிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குப் போகும் படகும் இதே முறைதான்: உள்ளே வரக் கட்டணமில்லை, வெளியே போகும்போது கொடுக்க வேண்டும். படகு குளிர்காலத்தில் ஓடாது, கோடையில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. நோவா ஸ்கோஷியாவில் கொபெக்விட் பாஸ் நெடுஞ்சாலையிலும் ஹலிஃபக்ஸ் துறைமுகப் பாலங்களிலும் இருந்த கட்டணங்கள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. பழைய வழிகாட்டிகளை நம்பி யாரும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

அதிகமான பணத்தகராறுகள் முளைக்கும் இடம் வாடகை வாகனம். கவுண்டரில் தினசரிக் கட்டணத்தோடு சேர்த்து விற்கப்படும் சேதத் தள்ளுபடிப் பாதுகாப்பு பலருடைய கடனட்டையிலேயே ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது செல்லுபடியாக நிபந்தனைகள் உண்டு: முழு வாடகையும் அதே அட்டையில் போக வேண்டும், நிறுவனத்தின் பாதுகாப்பை மறுத்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், ஓட்டுபவர்கள் அனைவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதோடு, கடனட்டைப் பாதுகாப்பு வாடகை வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே. பிறருக்கு ஏற்படும் காயத்துக்கோ அவர்களின் வாகனத்துக்கோ அது உதவாது. “அண்ணா கொஞ்ச நேரம் ஓட்டட்டும்” என்று பெயர் கொடுக்காதவரிடம் சாவியை நீட்டினால் பாதுகாப்பு முழுவதும் போய்விடக்கூடும்.

வாகனத்தை எடுக்கும்போது நான்கு பக்கமும், முன்கண்ணாடி, சக்கரங்களின் உலோக விளிம்பு, எரிபொருள் மானி, ஓடிய தூரம் எல்லாவற்றையும் நேரம் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும், திருப்பும்போதும் அப்படியே. அலுவலகம் பூட்டிய பிறகு சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விமானம் ஏறுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பல ஒப்பந்தங்களில், காலையில் ஊழியர் வந்து பார்க்கும்வரை வாகனம் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பில்தான் இருக்கிறது. வாரங்கள் கழித்துச் சேதக் கட்டணம் வந்தால், உருப்படியான திருத்தச் செலவுப் பட்டியலையும் படங்களையும் எழுத்தில் கேட்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் கடனட்டை நிறுவனத்தில் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவில் அதன் எல்லை 25,000 டாலர், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

சொந்த வாகனத்தில் போகிறவர்களின் ஒன்ராறியோக் காப்புறுதி நாடு முழுவதும் செல்லும். மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான குறைந்தபட்சத் தொகை ஒன்ராறியோவில் 200,000 டாலர், நோவா ஸ்கோஷியாவில் 500,000 டாலர். விபத்து அங்கே நடந்தால் காப்புறுதி அந்த மாகாணத்தின் குறைந்தபட்சத்துக்கு உயர்ந்துகொள்ளும். சிகிச்சை போன்ற விபத்து நன்மைகளைச் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே கோர வேண்டும்; 7 நாட்களுக்குள் அறிவிப்பது விதி. 2026 ஜூலை முதல் இந்த நன்மைகளில் பலவற்றை ஒன்ராறியோ விருப்பத் தேர்வாக்கியிருப்பதால், செலவைக் குறைக்க எவற்றைக் கைவிட்டோம் என்பதைப் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்பின் மீது வழக்குப் போடுவது வேறு கதை. 1994இல் டொலொஃப்சன் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, விபத்து எந்த மாகாணத்தில் நடந்ததோ அந்த மாகாணச் சட்டமே நட்டஈட்டைத் தீர்மானிக்கும். வழக்கை ரொறன்ரோவில் தொடுத்தாலும் இதுதான் நிலை. சிறு காயங்களின் வலி, வேதனைக்கான நட்டஈட்டுக்கு மூன்று கடலோர மாகாணங்களும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. தரைவழி வருகிறவர்கள் கடந்துவரும் கியூபெக்கிலோ உடற்காயத்துக்கு வழக்கே தொடர முடியாது. ஆகவே வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், விபத்து நடந்த இடத்திலேயே பொலிஸ் அறிக்கை எண், சாட்சிகளின் தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைச் சேகரிப்பது அவசியம்.

வீதியில் பொலிஸார் நிறுத்தினால் சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, காப்புறுதி அட்டை மூன்றையும் காட்டியே ஆக வேண்டும். தடுத்துவைத்தால் காரணத்தைக் கேட்கவும் வழக்கறிஞருடன் பேசவும் உரிமைச் சாசனம் இடம் தருகிறது. நியூ பிரன்சுவிக் அதிகாரபூர்வமாக இருமொழி மாகாணம். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எதில் சேவை வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை இருப்பதைப் பொலிஸார்தாம் முதலில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தீவில் எந்தச் சாலையிலும் வேக எல்லை மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. 110இல் வந்து பழகியவர்கள் பாலத்தைக் கடந்ததும் மாட்டிக்கொள்வது அதனால்தான். இரத்தத்தில் மதுவின் அளவு 100 மில்லிலீட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தாலே மூன்று மாகாணங்களிலும் அனுமதிப்பத்திரம் உடனே இடைநிறுத்தப்படும். வேற்று மாகாணத்து டிக்கெட்டை மறந்துவிடலாம் என்பதும் தப்புக் கணக்கு. தீர்ப்பு ஒன்ராறியோவுக்கு அறிவிக்கப்பட்டு, புள்ளிகளும் சேரும்.

சுகவீனம் வந்தால் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்பான ஓஹிப்பின் அட்டை அங்குள்ள மருத்துவமனைகளிலும் மருத்துவர்களிடமும் செல்லும். கியூபெக் மருத்துவர்கள் மட்டும் பணத்தை நேரடியாகக் கேட்கக்கூடும்; ரசீதைக் கொண்டு ஓஹிப்பிடம் பிறகு கோரலாம், ஆனால் கிடைப்பது ஒன்ராறியோவின் கட்டண வீதப்படிதான். அம்புலன்ஸ் செலவு இந்த ஏற்பாட்டில் இல்லை. வேற்று மாகாணத்தவருக்கு அது சில நூறு டாலர் வரை போகும் என்பதால், வேலைத்தலக் காப்புறுதியிலோ பயணக் காப்புறுதியிலோ அதற்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு எந்த மாகாணத்திலும் அரச மருத்துவக் காப்பு இல்லை. சுப்பர் விசாவில் வந்தவர்களுக்குக் குறைந்தது 100,000 டாலர் தனியார் காப்புறுதி கட்டாயம் என்பதால் ஒரு பத்திரம் கையில் இருக்கும். அதில் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்கள் பற்றிய விதிவிலக்கைப் படிப்பதுதான் முக்கியம். அண்மையில் மாத்திரை அளவு மாறியிருந்தாலே கோரிக்கை நிராகரிக்கப்பட இடமுண்டு. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு மூன்று மாகாணங்களிலும் 811, ஆபத்துக்கு 911.

இந்தக் கரையின் ஆபத்துகளில் முதலிடம் அலைகளுக்கும் வற்றுப்பெருக்குக்கும்தான். ஃபண்டி வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகிலேயே மிக அதிகம். நோவா ஸ்கோஷியாவின் பேர்ன்ட்கோட் ஹெட்டில் அது 16 மீட்டரைத் தொடுகிறது. வற்றிலிருந்து பெருக்குக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; மறுநாள் அதே நிலை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். ஹோப்வெல்லில் படியிறங்கிக் கடலடித் தரையில் நடக்கக் கிடைப்பது வற்று நேரத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று மூன்று மணி நேரமே. அங்கு நிற்கும் பாறைத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலேயும் பழுப்பு நிறக் கடற்பாசி ஒட்டிக்கிடக்கும். பாசியின் மேல்விளிம்பு வரையாவது தண்ணீர் வரும் என்று அர்த்தம். பாறை வளைவுக்குள் படம் எடுத்துக்கொண்டே போகும் குடும்பங்கள் திரும்பும் வழி மூடுவதைக் கவனிப்பதில்லை. கனடிய நீரியல் சேவை வெளியிடும் அட்டவணையைப் பார்த்த பிறகே அன்றைய நாளின் மற்றக் காரியங்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஹோட்டலில் காலை உணவு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பிறகு. செங்குத்துப் பாறைகளின் அடியில் உட்காருவதும் கூடாது, கற்கள் உதிரும்.

பெக்கீஸ் கோவ் கலங்கரை விளக்கத்தடியில் சூத்திரம் எளியது: வெளிர்ந்த, உலர்ந்த கருங்கல் வரை போகலாம், கறுத்த பாறையில் கால் வைக்கக் கூடாது. கறுப்பு என்பது கடல் அடிக்கடி வந்துபோகும் இடம். அமைதியாகத் தெரியும் நாளிலும் திடீரென ஒரு பேரலை எழுந்து ஆட்களை இழுத்துச் சென்றிருக்கிறது. தீவின் வடகரை மணற்பரப்புகளில் ஆபத்து இழுவை நீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி முட்டி மோதாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். உயிர்காப்பாளர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் இருப்பார்கள். செப்டம்பரில் தண்ணீர் இதமாக இருந்தாலும் காவல் இராது.

கரையில் மட்டி கிண்டிச் சமைக்கும் ஆசைக்கும் ஓர் எச்சரிக்கை. செந்நீர்ப் பெருக்கின்போது மட்டியிலும் சிப்பியிலும் சேரும் நரம்பு நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. உதடு விறைப்பதில் தொடங்கி மூச்சே நின்றுபோகலாம், மாற்று மருந்து கிடையாது. மத்திய மீன்வளத்துறை மூடிய பகுதிகளின் வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு மட்டிகூடப் பொறுக்கக் கூடாது. ஜொகின்ஸ் பாறைகளில் கிடைக்கும் புதைபடிவங்களை அனுமதியின்றி எடுப்பதும் நோவா ஸ்கோஷியாவில் குற்றம், கீழே உதிர்ந்து கிடந்தாலும்.

நியூ பிரன்சுவிக் வீதிகளில் அந்திக்கும் விடியலுக்கும் இடையே மூஸ் மான் குறுக்கிடும். கால்கள் நீளம் என்பதால் மோதினால் அதன் உடல் முன்கண்ணாடிக்கு நேரே வந்து விழும். கூடியவரை பகலிலேயே ஓட்டி முடிப்பது நல்லது. புல்வெளியில் நடந்தவர்கள் உடலில் உண்ணி இருக்கிறதா என்று அன்றிரவே பார்க்க வேண்டும். கடித்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் லைம் நோய்த் தடுப்பு மருந்தை நோவா ஸ்கோஷியாவில் மருந்தாளரே எழுதித்தர முடியும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உயர்ந்தால் நடைபாதைகள் ஒரே நாளில் மூடப்படலாம். 2025 ஆகஸ்டில் நோவா ஸ்கோஷியா காட்டுக்குள் நுழைவதையே தடைசெய்து, மீறினால் 25,000 டாலர் தண்டப்பணம் என்று அறிவித்தது. செப்டம்பரில் புயல் பருவம். 2022 செப்டம்பர் 24இல் கரையேறிய ஃபியோனாவுக்குப் பிறகு தீவின் பல பகுதிகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. இந்த மாதத்தில் போகிறவர்கள் இரத்துச் செய்யக்கூடிய முன்பதிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவல்ல.

தங்குமிட மோசடியில் அதிகம் இழப்பவர்கள் இணையத்தில் ‘கடல் பார்த்த வீடு’ மலிவாகக் கண்டு, இ-ட்ரான்ஸ்ஃபரில் முழுப் பணத்தையும் அனுப்பியவர்கள். அப்படிப் போன பணத்தை மறுபக்கம் எடுத்துக்கொண்ட பிறகு வங்கியால் மீட்க முடியாது, கடனட்டையானால் முறையிட வழியுண்டு. நோவா ஸ்கோஷியாவில் குறுகிய கால வாடகை வீடுகள் அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. முதலில் காட்டிய விலையோடு கட்டாயக் கட்டணங்களைக் கடைசித் திரையில் ஒட்டுவது மத்திய போட்டிச் சட்டத்துக்கு முரண், அரச வரிகள் மட்டும் விதிவிலக்கு. விற்பனை வரி நோவா ஸ்கோஷியாவில் 14 வீதம், மற்ற இரண்டிலும் 15.

தோல் நிறத்தையோ மதத்தையோ காரணமாக வைத்து அறையோ சேவையோ மறுக்கப்பட்டால், முறைப்பாடு போக வேண்டியது சம்பவம் நடந்த மாகாணத்தின் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு. ஒன்ராறியோத் தீர்ப்பாயத்துக்கு அதில் அதிகாரமில்லை. மூன்று மாகாணங்களிலும் காலவரம்பு ஒரு வருடம். கிராமப்புற வீதிகளில் பெரும்பாலும் காவல் பார்ப்பது மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி. என்பதால், அவர்களின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை மத்திய சிவிலியன் ஆணைக்குழுவுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் கொடுக்கலாம். அதற்கும் ஒரு வருடமே அவகாசம்; அதிகாரியின் பெயர் தெரியாவிட்டாலும் இடம், தேதி, நேரம், வாகன எண் ஆகியவை இருந்தால் விசாரணை தொடங்கும்.