மூதாதையின் முகம்

ஒருவன் தன் முன்னோரிடமிருந்து வீட்டையும் நிலத்தையும் பெறுகின்றான், முகச்சாயலையும் பெறுகின்றான். அவர்கள் தேடிவைத்த பழியையும் அவன் பெற்றுத்தான் ஆகவேண்டுமா? இவ்வினாவைப் பேய்க்கதையின் போர்வைக்குள் வைத்துக் கேட்ட திரைப்படமொன்று 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 'ஆவி குடிகொண்ட மாளிகை' எனப் பொருள்படும் 'த ஹோன்ரட் பலஸ்' என்பது அதன் பெயர். அதனை இயக்கியவர் றொஜர் கோர்மன். திரைக்கதை வரைந்தவர் சாள்ஸ் போமன்ற். தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் வின்சென்ற் பிறைஸ்.

எட்கார் அலன் போவின் கதைகளைத் தழுவிக் கோர்மன் 1960ஆம் ஆண்டு முதல் படங்கள் எடுத்துவந்தார். அவை நன்கு ஓடியமையால், இப்படத்திற்கும் போவின் கவிதையொன்றின் பெயரே சூட்டப்பட்டது. ஆயினும் கதை போவினுடையதன்று. 1890 முதல் 1937 வரை வாழ்ந்த எச். பி. லவ்கிராவ்ற் என்னும் எழுத்தாளர் 1927இல் எழுதி, அவர் மறைந்தபின் 1941இல் அச்சேறிய நெடுங்கதையே இதற்கு மூலம். மூலக்கதையில், மந்திரவாதியான மூதாதை மீண்டும் உடலோடு எழுந்து, தன்னை எழுப்பிய இளைஞனைக் கொன்று, அவனுடைய இடத்தில் அமர்கின்றான். படத்திலோ இருவரும் ஓர் உடலுக்குள்ளேயே போராடுகின்றனர். அச்சம் வெளியிலிருந்து உள்ளத்துக்குள் புகுந்துவிடுகின்றது.

கதை ஆர்க்கம் என்னும் கற்பனை ஊரில் 1765ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. யோசப் கேவன் என்பவன் ஊர்ப் பெண்களைத் தன் மாளிகைக்கு ஈர்த்துத் தீய சடங்குகளுக்குப் பலியாக்குகின்றான். சினங்கொண்ட ஊரவர் அவனை மரத்தில் கட்டி எரிக்கின்றனர். அவர்களையும் அவர்தம் சந்ததியையும் சபித்துவிட்டு அவன் மாள்கின்றான். நூற்றுப் பத்து ஆண்டுகள் கழிகின்றன. அவனுடைய வழித்தோன்றலான சாள்ஸ் டெக்ஸ்ரர் வாட், உரிமையாய்க் கிடைத்த மாளிகையைப் பார்க்க மனைவி ஆனுடன் வருகின்றான். ஊரார் வழிகாட்டவும் மறுக்கின்றனர். மாளிகைச் சுவரில் மூதாதையின் ஓவியம் தொங்குகின்றது. அதிலுள்ள முகம் அவனுடைய முகமே!

அவ்வோவியத்தின் வழியாகவே கேவன் வாட்டின் உடலிற் குடியேறுகின்றான். இம்மாற்றத்தைப் பெரிதும் நடிப்பினாலேயே காட்டுவதுதான் படத்தின் வலிமை. வாட்டாக இருக்கும்போது பிறைஸின் குரலில் இனிமையும் பணிவும் தெரிகின்றன. கேவன் வந்து புகுந்ததும் அதே குரல் இறுகுகின்றது; கண்களில் இரக்கம் வற்றிவிடுகின்றது. முதலில் அச்சம் கொள்பவள் ஆன். கணவனுடைய உடலில் வேறொருவன் இருக்கின்றான் என்பதை ஊராரின் வதந்தியிலிருந்து அவள் அறியவில்லை. அவன் அவளை நடத்தும் விதத்திலிருந்தே அறிகின்றாள். புளொயிட் குறொஸ்பியின் ஒளிப்பதிவும், டானியல் ஹாலரின் அரங்க அமைப்பும், தெருக்களை மூடும் மூடுபனியும் இவ்வச்சத்துக்குத் துணைநிற்கின்றன.

எனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. இப்படத்தில் இரட்டை வேடம் பிறைஸுக்கு மட்டும் உரியதன்று. கேவனை எரித்த ஊரவராக நடித்தவர்களே, நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் வாட்டை வெறுக்கும் ஊரவராகவும் நடிக்கின்றனர். லியோ கோடன், எலிஷா குக் முதலியோர் பாட்டனாகவும் தோன்றுகின்றனர், பேரனாகவும் தோன்றுகின்றனர். செலவைச் சுருக்கும் உபாயம் என இதனைத் தள்ளிவிடலாகாது. வாட் தன் மூதாதையினால் ஆட்கொள்ளப்பட்டான் எனின், ஊராரும் தத்தம் மூதாதையரின் பகையினால் ஆட்கொள்ளப்பட்டவர்களே. ஒரு தீங்கும் செய்யாது வந்த மனிதனை, அவனுடைய முகத்தைக் கண்ட மாத்திரத்திலேயே அவர்கள் குற்றவாளியாக்கிவிட்டனர். இப்பித்துக்கு ஆளாகாது நிற்பவர் டாக்டர் வில்லெற் ஒருவரே. அவருடைய முன்னோரும் அன்றைய கூட்டத்தில் நின்றவரே. ஆயினும் அவர் புதியவனை மனிதனாகவே வரவேற்கின்றார். பரம்பரையின் பிடியிலிருந்து விலகி நிற்றல் இயலும் என்பதற்கு அவரே சான்று.

முடிவில் ஊரார் மீண்டும் தீப்பந்தங்களோடு வருகின்றனர். ஓவியம் அழிகின்றது, வாட் தன்னிலை அடைந்தவன்போற் காணப்படுகின்றான். ஆனால் டாக்டருக்கு நன்றி கூறும்போது அவனுடைய குரலும் பார்வையும் வேறொருவனை நினைவூட்டுகின்றன. படம் அவ்விடத்தில் முடிகின்றது.

பிறைஸ் 1993இலும் கோர்மன் 2024இலும் மறைந்தனர். படம் எழுப்பிய ஐயமோ இன்றும் மறையவில்லை. நெருப்பு முன்னொருமுறை உடலை எரித்தது, தீமை எஞ்சியது. பின்னர் ஓவியத்தை எரித்தது, அப்போதும் எஞ்சியது. முன்னோர் மூட்டிய பகையைப் பின்னோர் அதே தீப்பந்தத்தால் அணைக்க முயன்றால், அப்பகை அணைவதில்லை, கைம்மாறி வாழ்கின்றது.