மின்சார ரயிலுக்கு ஏற்ற பெட்டி எது?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, ரயில் பெட்டியின் வாயில் எத்தனை அகலம் இருக்கவேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. மஞ்சளாடை உடுத்து, தோளிற் காவடி தாங்கி, குழந்தையை ஒரு கையிற் பிடித்தவாறு அடியார்கள் இறங்குகின்றனர். மற்ற நாட்களின் விடியற்காலையிலோ, அதே வாயிலில் சோற்றுப் பெட்டியுடன் வேலைக்கு விரைவோர் ஏறுகின்றனர். இவ்விரு கூட்டத்தாருக்கும் ஒரே வகைப் பெட்டி பொருந்துமா என்பதே இன்றைய வினா.

இப்பாதை பழமையானது. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் அரக்கோணம் வழியாகவே சென்றது. அங்கிருந்து ரேணிகுண்டாவை நோக்கிப் பிரியும் பாதையில் இருக்கிறது திருத்தணி. 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊராதலால், பெட்டிக்குள் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். சென்னையிலிருந்து தொலைவு எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் மின்சார ரயிலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது.

அடிக்கடி நிற்கும் வண்டிக்கு உச்ச வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து விரைந்து புறப்படும் ஆற்றலே முக்கியம். இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சக்கரம் வழுக்காமல் எவ்வளவு இழுக்க முடியும்? மோட்டார் பூட்டிய சக்கரங்கள் தாங்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு அளவே இழுவிசையாகக் கிடைக்கும். 110 டன் எஞ்சின் ஒன்று, ஆட்களோடு 50 டன் எடையுள்ள 12 பெட்டிகளை இழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 710 டன். இழுக்கும் சக்கரங்களின்மேல் இருப்பது அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவே. மின்சார ரயிலிலோ தனி எஞ்சின் இல்லை. 12 பெட்டித் தொடரில் 4 பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் உள்ளன. ஆகவே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்குப் பயன்படுகிறது. முனையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டும் தொல்லையும் இல்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும்.

அடுத்தது வாயில். சென்னைக்கும் திருத்தணிக்கும் இடையே 28 நிறுத்தங்கள் என்று கொண்டால், ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க 20 விநாடி கூடுதலாகப் பிடிக்குமானால் 560 விநாடி, அதாவது ஒன்பது நிமிடத்துக்கு மேல் வீணாகும். பின்னால் வரும் வண்டிகளும் தாமதமாகும். ஆதலால் அகன்ற வாயில்களும், மேடையின் உயரத்துக்கு ஒத்த தளமும் தேவை. நெடுந்தூரப் பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர், மின்சார ரயில் பெட்டியின் அகலமோ சுமார் 3.66 மீட்டர். இந்த 40 சென்டிமீட்டர் வேறுபாடு, நிற்பவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை ஆவடியில் ஏறுபவர் அறிவார்.

ஆனால் கதவைத் திறந்துவைத்தே ஓடும் பெட்டியில் படியில் தொங்கி உயிரிழப்போரும் உண்டு. தானாக மூடும் கதவு வைக்கலாமே எனில், மூடிய பெட்டியில் நெரிசலின்போது காற்றுக்கு என்ன செய்வது? அதனால்தான் தானியங்கிக் கதவும் குளிர்சாதனமும் சேர்ந்தே வருகின்றன. சென்னைக் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுப் பாதையில் 2025 ஏப்ரலில் அத்தகைய ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் 1955இல் நிறுவப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையே அதைச் செய்தது. அத்தொழிற்சாலை திருத்தணிப் பாதையின் ஓரத்திலேயே இருப்பது நினைக்கத்தக்கது.

இனி, திருத்தணிக்காரரின் குறைக்கு வருவோம். மின்சார ரயிலில் கழிவறை இல்லை. அரைமணிப் பயணத்துக்காக வகுத்த பெட்டியில் அது தேவைப்படவில்லை. பாதை நீண்டபோதும் பெட்டி மாறவில்லை. முதியோரும், கருவுற்ற பெண்களும், நீரிழிவு நோயாளரும் வீட்டிலிருந்து புறப்படுமுன் தண்ணீர் குடிக்க அஞ்சுகின்றனர். ‘மெமு’ எனப்படும் வண்டிகளில் கழிவறை உண்டு. தாழ்ந்த மேடைகளில் இறங்கப் படிகளும் உண்டு. ஆயினும் பெட்டி குறுகியது, படியேறுவதற்கும் நேரமாகும். அம்பத்தூர் நெரிசலுக்கு அது ஒவ்வாது.

என் கருத்தில், அகன்ற மின்சார ரயிலையே வைத்துக்கொண்டு, நெடுந்தொலைவு செல்லும் தொடர்களில் மட்டும் ஒன்றிரண்டு பெட்டிகளில் கழிவறை அமைக்கலாம். தண்ணீர் நிரப்பவும் துப்புரவு செய்யவும் முனையத்தில் வசதி வேண்டும், செலவும் உண்டு. ஒரு கழிவறை ஒன்றரைச் சதுர மீட்டர் இடத்தை அடைத்தால், எட்டுப் பேர் நிற்கும் இடம் போய்விடும் என்பார்கள். அந்த எட்டுப் பேரும் ஆவடி வரையில் சற்று நெருங்கி நிற்கட்டும். அவர்களுக்கு அது அரைமணி நேரம். மலையடிவாரம் வரை செல்லும் மூதாட்டிக்கோ அது இரண்டு மணி நேரம்.