காவலில் போன உயிர் – 7: சோறு கொண்டுபோனவளின் சாட்சி

1987 டிசம்பர் 1. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம். திருட்டு வழக்கு விசாரணை என்று சொல்லி, சுமன் பெஹரா என்ற 22 வயது இளைஞரை ஜெராய்கேலா புறக்காவல் நிலையத்துக்குக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள். இரவு எட்டு மணிக்கு அவருடைய தாய் நீலாபதி பெஹரா சாப்பாடு எடுத்துப் போனார். மகன் சாப்பிட்டார், தாய் வீடு திரும்பினார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் சுமனின் உடல் கிடந்தது.

போலீஸ் சொன்ன கதை இது: கைவிலங்கு மாட்டி, கயிற்றால் கட்டிப் படுக்க வைத்திருந்தோம். விடியற்காலை மூன்று மணிவாக்கில் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தப்பி ஓடி, ரயிலில் அடிபட்டுச் செத்தான். நிலையத்தில் இருந்த காவலர் ஒருவருக்கும் விழிப்பு வரவில்லை என்பதையும் நாம் நம்ப வேண்டும்.

நீலாபதி நம்பவில்லை. 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. உடலில் இருந்தவை லத்தி போன்ற மழுங்கிய ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய காயங்கள் என்றார் மருத்துவர். கயிற்றுத் துண்டுகள் தோற்றத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றது தடயவியல். 1993 மார்ச் 24-இல் வந்த தீர்ப்பு, தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கும்போது, அரசு தன் இறையாண்மையைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றும் சொன்னது. காவல் மரணத்துக்கு இழப்பீடு கேட்டு இன்று எந்தக் குடும்பம் உயர் நீதிமன்றம் போனாலும் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரவுச் சாப்பாடு. நிலையத்தின் பதிவேட்டில் எது வேண்டுமானாலும் எழுதலாம், பேனா அவர்கள் கையில். எட்டு மணிக்கு அங்கே உயிரோடு உட்கார்ந்து மகன் சாப்பிட்டான் என்பதை மட்டும் எந்தப் பதிவேட்டாலும் அழிக்க முடியாது. கடைசியாகக் காவலில் இருந்தார் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டால், அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்லவேண்டிய கடன் காவலில் வைத்திருந்தவர்களுடையது.

நம் பக்கத்துக் கதையும் இதேதான். காரைக்காலில் இருந்து வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். 1993 மார்ச்சில் அங்கே முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போனது. காவல் நிலையத்துக்குப் போன மனைவி பார்வதி, கணவரைக் கட்டிவைத்து அடிப்பதைக் கண்ணால் பார்த்தார். பிறகு சொல்லப்பட்டது அதே வாசகம்: தப்பி ஓடிவிட்டான். உடல் வேறொரு காவல் நிலைய எல்லையில், மீன்சுருட்டிப் பக்கம், அடையாளம் தெரியாத பிணமாகக் கிடைத்தது. வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2006. இந்த வழக்கை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ படம் பார்த்தவர்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தில் நீதி கிடைத்துவிட்டது. பார்வதிக்குப் பதின்மூன்று ஆண்டுகள்.

2020 ஜூனில் சாத்தான்குளம். காவலில் அடிபட்டு இறந்த ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இருவருக்கும் ரத்தத்தில் நனைந்த கைலிகளை மாற்ற மாற்ற, வீட்டில் இருந்து வேறு கைலி கேட்டு வாங்கினார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். நிலையத்தின் கேமராப் பதிவோ தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தலைமைக் காவலர் ரேவதி வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்த வழக்கு எங்கே நின்றிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. எல்லா நிலையத்திலும் ஒரு ரேவதி இருப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இனி காரைக்கால் விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியைச் சேர்ந்தது என்றாலும் நாலா பக்கமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த சின்ன ஊர். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். சாராய வழக்கு, மதுக் கடத்தல் வழக்கு என்று புதுச்சேரிப் போலீசும் தமிழ்நாட்டுப் போலீசும் எல்லையில் ஆள் தேடும் ஊர். ஆகவே இங்கே முதல் கேள்வியே, கூட்டிப்போனது எந்தப் போலீஸ் என்பதுதான். புதுச்சேரியின் சிவப்புத் தொப்பியா, தமிழ்நாட்டுக் காக்கியா, சாதா உடையா? வண்டி எண் என்ன? “சும்மா விசாரணைக்குத்தான்மா, காலைல விட்டுருவோம்” என்றால் எந்த ஸ்டேஷன், யார் பெயர் என்று கேட்டு, கேட்ட நேரத்தோடு எழுதி வையுங்கள். கைது என்றால், வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

முன்பெல்லாம் வக்கீல்கள் முதலில் சொல்வது “தந்தி கொடு” என்பதுதான். ஆளைப் பிடித்துப் போயிருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்கும் முதலமைச்சருக்கும் தந்தி பறக்கும். பதில் வராது, ஆனால் தேதியும் மணியும் குத்திய அஞ்சலக ரசீது கையில் இருக்கும். பல வழக்குகளைக் காப்பாற்றியது அந்த ரசீது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இன்று அந்த வேலையைச் செய்ய மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் இருக்கின்றன. காரைக்கால் எஸ்.எஸ்.பி., தேசிய மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றப் பதிவாளர் மூவருக்கும் அன்றிரவே அனுப்புங்கள். நமக்கு உயர் நீதிமன்றம் சென்னையில்தான்.

உயிர் போய்விட்டது என்றால் கேட்க வேண்டியவை வேறு. காவல் மரணத்துக்கு மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். அதில் உறவினர்கள் உடனிருக்கச் சட்டம் இடம் தருகிறது. பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கேமராப் பதிவை அழிக்கக்கூடாது என்று அன்றே எழுத்தில் கொடுங்கள். 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது, பதிவை வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சவக்கிடங்கு வாசலில் வருவாய்த் துறை அதிகாரி வந்து நிவாரணமும் வேலையும் பேசும் நேரத்தில் இதையெல்லாம் நினைவுபடுத்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். உடலை வாங்க மறுத்து உட்காரும் குடும்பத்தைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தகனமோ அடக்கமோ முடிந்துவிட்டால் அவர்கள் கையில் என்ன மிச்சம்?

இவ்வளவையும் ஒரு குடும்பமே சேர்க்க வேண்டியிருப்பது அநியாயம். இது சட்டக் கமிஷனுக்கு 1985-லேயே தெரிந்திருந்தது. காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டிருந்தால், அதைப் போலீஸ்தான் ஏற்படுத்தியது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற விதியை, 114பி என்ற பிரிவாகச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது அதன் 113-ஆவது அறிக்கை. சேர்க்கவில்லை. 2023-இல் பழைய சட்டத்தையே தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதினார்கள், அப்போதும் சேர்க்கவில்லை.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்துக்கு ஓட்டுக் கேட்டு அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வருபவரிடம், இந்தப் பிரிவைக் கொண்டுவரக் குரல் கொடுப்பீர்களா என்று கேளுங்கள்.