அறங்காவலர்: மேடை ஏறாத ஓர் ஊழியம்



ஓசூர் சாலையின் ஓரத்தில், இரவு பத்து மணிக்குமேல், இடுப்பில் ஒரு குழந்தையோடும் கையில் ஒரு துணிப்பையோடும் நிற்கும் ஓர் இளம்பெண்ணை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணமாகிப் பெங்களூருக்கு வந்தவள் அவள். கன்னடம் ஓரளவு பேசுவாள், வாசிக்கத் தெரியாது. தாய்வீட்டாரோ, "பொறுத்துக்கொள் அம்மா" என்கிறார்கள். சபையில் யாரிடமாவது சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று அஞ்சுகிறாள். அந்த இரவில் அவளுக்கு வேண்டியது ஒரு கதவு மாத்திரமே.

அந்தக் கதவைத் திறந்து, "வா அம்மா" என்று அழைக்கும் சகோதரியை நாம் மனதாரப் பாராட்டுவோம். ஆனால் அந்த வீட்டுக்கு இந்த மாத வாடகை செலுத்தப்பட்டிருக்கிறதா? அவளைத் தேடி வருகிறவனுக்கு அந்த முகவரி எட்டாதிருக்குமா? இவற்றைக் காத்து நிற்பவர்கள் வேறு சிலர். அவர்களையே டிரஸ்டிகள், அதாவது அறங்காவலர்கள் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'காவல்' இருப்பதைக் கவனித்தீர்களா?

நம் பட்டணம் கண்ட கண்ணீர்

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 44.4 விழுக்காட்டினர் கணவனால் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். நம்மில் பலர் விட்டுவந்த தமிழ்நாட்டில் இது 38.1 விழுக்காடு. நாடு முழுவதிலும் இத்தகைய வன்முறைக்கு உள்ளான பெண்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினர் மாத்திரமே யாரிடமாவது உதவி தேடியிருக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே? நம் அண்டை வீட்டில், ஒருவேளை நம் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கண்ணீரைக் கண்டு பெங்களூரு வாளாவிருக்கவில்லை. 1979-இல் இங்கே 'விமோசனா' என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. மண்ணெண்ணெய் 'ஸ்டவ் வெடித்து' இறந்தார்கள் என்று கோப்புகள் மூடப்பட்ட நாட்களில், விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குச் சென்று, அப்பெண்களின் மரணங்களைக் குறித்துக் கேள்வி எழுப்பியவர்கள் அவர்கள். எல்லா வீடுகளிலும் ஸ்டவ் இருக்க, அந்த விபத்து மாத்திரம் ஏன் புதிதாய் மணமான இளம்பெண்களையே தேடி வந்தது? துயருற்ற பெண்களுக்காக அவர்கள் நடத்திய மையத்தின் பெயர் 'அங்களா'; கன்னடத்தில் முற்றம் என்று பொருள். 1999-இல் பெங்களூரு நகரக் காவல்துறையோடு இணைந்து 'வனிதா சகாயவாணி' என்னும் தொலைபேசி உதவி மையம் தொடங்கப்பட்டது. சென்னையிலும் 2001-இல் பி.சி.வி.சி. என்னும் அமைப்பு தோன்றி, கணவனால் துன்புற்றோருக்கும் தீக்காயமடைந்த பெண்களுக்கும் துணை நின்றது.

சட்டம் திறந்த வாசல்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடி உதை மாத்திரம் அல்ல. ஓயாத இழிசொல்லும், சம்பளத்தைப் பறித்துக்கொள்வதும், வீட்டைவிட்டுத் துரத்துவதும்கூட இச்சட்டத்தின்படி வன்முறையே. வீடு யார் பெயரில் இருந்தாலும், அங்கே வாழும் உரிமை மனைவிக்கு உண்டு.

தொண்டு நிறுவனங்களுக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. மாநில அரசிடம் 'சேவை வழங்குநர்' எனப் பதிவுசெய்துகொண்ட நிறுவனம், பெண்ணின் விருப்பத்தோடு நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம்; மருத்துவப் பரிசோதனைக்கும் தங்குமிடத்துக்கும் வழிசெய்யலாம். நல்லெண்ணத்தோடு இவற்றைச் செய்யும் நிறுவனத்தின் மீதோ அதன் உறுப்பினர் மீதோ வழக்குத் தொடர முடியாது என்றும் 10ஆம் பிரிவு காவல் தருகிறது. 2006-இன் விதிகளோ, பெண் கேட்டுக்கொண்டால் அவள் யார் என்பதைத் தங்குமிடம் வெளியிடக் கூடாது என்கின்றன.

அறங்காவலர் செய்வது என்ன?

முதலாவது, பணத்தைக் காப்பது. இது சம்பளமில்லாத வேலை. ஆனால் பொறுப்பில்லாத வேலை அல்ல. 1882-இன் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது. ஆயினும் அது கூறும் அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தும்: விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாய்க் கையாளுவானோ, அவ்வளவு கவனம் வேண்டும். ஆடிட்டர் கொண்டுவரும் தாளில் வாசியாமல் கையெழுத்திடுகிறவர் காவலர் அல்லர். வருமானவரிப் பதிவைக் காலத்தில் புதுப்பித்தார்களா, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் காணிக்கை முறைப்படி வருகிறதா என்று கேட்கவேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்படி, அப்பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்கே வரவேண்டும். அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஒரு சிறிய கவனக்குறைவால் கணக்கு முடங்கினால், வீதியில் நிற்கப்போவது யார்? அந்தக் குழந்தையும் தாயும் அல்லவா?

இரண்டாவது, இரகசியத்தைக் காப்பது. தங்குமிடத்தின் முகவரியை அறங்காவலர் தம் வீட்டாரிடமும் சொல்லக் கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட ஒரு பெண்ணின் பெயர் வெளியே போகக் கூடாது. ஆண்டறிக்கையில் போடுவதற்குக் கண்ணீரோடு ஒரு புகைப்படம் கேட்பார்கள்; அதற்கு 'இல்லை' என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

மூன்றாவது, சரியான கேள்வியைக் கேட்பது. "இந்த ஆண்டு எத்தனை குடும்பங்களைச் சேர்த்துவைத்தீர்கள்?" என்று கேட்பது எளிது; அந்த எண் அறிக்கைக்கு அழகாகவும் இருக்கும். அறங்காவலர் கேட்கவேண்டியது வேறு: "திரும்பிப்போன பெண்ணை மூன்று மாதம் கழித்து யாராவது விசாரித்தார்களா? அவள் பத்திரமாய் இருக்கிறாளா?"

நான்காவது, ஊழியரைக் காப்பது. தினந்தோறும் பிறர் துயரத்தைக் கேட்கும் ஆலோசகர்களுக்கு ஓய்வும் நியாயமான சம்பளமும் வேண்டும். இரவில் மிரட்டல் வந்தால், "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மிகக் கடினமான நாள்

பிரியமானவர்களே, இந்த ஊழியத்தில் ஒரு நாள் வரும். குழுக் கூட்டத்தில் ஒரு கோப்பு வைக்கப்படும். அதிலுள்ள கணவனின் பெயரைக் கேட்டதும் உங்கள் நெஞ்சு திடுக்கிடும். ஊரிலிருந்து நீங்கள் வந்த புதிதில் உங்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர். உங்கள் மகளின் திருமணத்தில் முன்நின்று உழைத்தவர். "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்ற வார்த்தை நாவின் நுனிவரை வந்துவிடும்.

அந்த வேளையில் செய்யவேண்டியது ஒன்றே. "இவர் எனக்கு வேண்டியவர், இந்த விஷயத்தில் நான் பங்கெடுக்கமாட்டேன்" என்று அறிவித்து, அறையைவிட்டு எழுந்து வெளியே போய்விடுங்கள். அந்த எழுந்துபோதலும் கூட்டக் குறிப்பில் எழுதப்படட்டும். 2006-இன் விதிகளும், இரு தரப்பாரில் ஒருவருக்கு உறவினராக இருப்பவர் அவ்வழக்கில் ஆலோசகராக இருப்பதைத் தடுக்கின்றன. எல்லாத் தரப்பாரும் எழுத்தில் சம்மதித்தால் மாத்திரமே விலக்கு. ஆலோசகருக்கு வைத்த அளவுகோல் அறங்காவலருக்கும் தகும் அல்லவா?

அதே மாலையில் அந்தச் சகோதரரே உங்களுக்குத் தொலைபேசியில் பேசலாம்: "அண்ணா, அவள் எங்கே இருக்கிறாள் என்று மாத்திரம் சொல்லுங்கள், சமாதானம் பேசத்தான்." அவர் அழவும் கூடும். அவர் மனம் வருந்துவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது அவருடைய மனவருத்தம் அல்ல, அவளுடைய உயிர். சமாதானம் பேசுவதா வேண்டாமா, எப்போது, யார் முன்னிலையில் என்பதை அவள் சொல்லட்டும். நட்பை இழந்தாலும் நம்பிக்கையைக் காப்பவரே அறங்காவலர்.

ஆதிச்சபையில் ஒரு முன்மாதிரி

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை இந்த நோக்கத்தோடு ஒருமுறை வாசியுங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் விடப்பட்டார்கள். மொழியால் சிறுபான்மையினர், கேட்பதற்கு ஆளில்லாதவர்கள். சபை என்ன செய்தது? பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது சிந்திக்கத்தக்கது. முறையிட்டவர்களின் மொழி அறிந்தவர்களிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது.

பெங்களூரிலும் அப்படியே ஆட்கள் தேவை. நீங்கள் வங்கியில் வேலை செய்தவரா? கணக்கு எழுதத் தெரிந்தவரா? கன்னடத்தில் மனு வாசிக்கக் கூடியவரா? ஓய்வுபெற்ற செவிலியரா? ஒரு காலத்தில் இதே துன்பத்தைக் கடந்து வந்தவரா? உங்களைப் போன்றவர்களே இத்தகைய குழுக்களில் குறைவு.

ஆனாலும் சம்மதிக்குமுன் சிலவற்றைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா? அறங்காவலர்களில் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தாரா? நிறுவனரிடம் 'கூடாது' என்று சொல்ல இங்கே யாருக்காவது உரிமை உண்டா? இக்கேள்விகளால் முகம் சுளிக்கும் நிறுவனத்தைவிட்டு விலகி நில்லுங்கள். மகிழ்ந்து பதில் சொல்லும் நிறுவனத்தில் சேர்ந்து உழையுங்கள்.

இதை வாசிக்கும் சகோதரி, ஒருவேளை அந்தச் சாலையோரத்தில் நிற்பவள் நீயாகவே இருந்தால், பெண்களுக்கான உதவி எண் 181. உயிருக்கு ஆபத்தான வேளையில் 112. பேசுவது பாவம் அல்ல. உனக்காகக் கதவு திறக்க ஒருவரும், அந்தக் கதவைக் காக்க இன்னும் சிலரும் இந்தப் பட்டணத்தில் இருக்கிறார்கள். அந்தக் காவலர்களின் எண்ணிக்கை நம்மாலே பெருகட்டும்.