மோட்டார் ஸ்டார்ட்டரில் தொடுமுனைகள் தேய்வதன் காரணமும் அவற்றைக் காக்கும் முறையும்

1932-ம் வருஷத்தில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயமுத்தூர்ப் பகுதியில் கவலை இறைவை படிப்படியாகக் குறைந்து மின்சாரப் பம்புகள் பெருகின. மோட்டாரையும் பம்பையும் கருத்துடன் பேணும் குடியானவர்கள், அவற்றை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனிப்போரிற் சிலரோ, தொடுமுனைகள் கறுத்திருக்கக் கண்டு உப்புத்தாளால் தேய்த்துவிடுகின்றனர். பயிர் வாடும் கோடையில் மோட்டார் எரிந்துபோக இவ்விரண்டுமே காரணமாகலாம்.

மின்சார வில் உண்டாகும் விதம்

தொடுமுனைகள் பிரியும்போது, இறுதியாக ஒட்டியிருக்கும் சிறு புள்ளியின் வழியாகவே மின்னோட்டம் முழுவதும் பாய்கிறது. அவ்விடத்து உலோகம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியே மின்சாரம் பாயும் வழியாகி, பிரகாசமான வில்லாக எரிகிறது. வெள்ளி உருகுவதற்கு 962 டிகிரி சென்டிகிரேடு போதும்; வில்லின் உஷ்ணமோ பல ஆயிரம் டிகிரியாகும். ஆதலால், ஒவ்வொரு தடவை பிரியும்போதும் சிறிது உலோகம் அழிகிறது.

நமது மாறுமின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யமாகிறது. அத்தருணத்தில் வில் அவியும். ஆயின் இடைவெளி குறுகியும் சூடாகவும் இருப்பின் மீண்டும் மூளும். இதைத் தடுக்கவே சர்க்யூட் பிரேக்கரில் இரும்புத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவை வில்லைக் காந்தசக்தியால் உள்ளிழுத்து, பல துண்டுகளாக்கிக் குளிர்விக்கின்றன.

தேய்மானம் மிகும் சமயங்கள்

415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைசக்தி மோட்டார் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். நேராக ஓட்டிவிடும் ஸ்டார்ட்டராயின், புறப்படும் கணத்தில் இது ஏறக்குறைய ஆறு மடங்காகும். புறப்படும்போதே நிறுத்துவதும், அடிக்கடி ஓட்டி நிறுத்துவதும் தொடுமுனைகளை மிக விரைவில் தேய்த்துவிடும்.

வோல்ட்டேஜ் குறைவு இதனினும் கொடியது. 415 வோல்ட்டுக்கு அமைந்த காயில், பொதுவாக அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 350 வோல்ட் இருந்தால்தான் உறுதியாக ஈர்க்கும். அதற்குக் குறைந்தால் தொடுமுனைகள் கடகடவெனத் துள்ளி, ஒவ்வொரு துள்ளலிலும் வில் எரியும். முடிவில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிறகு நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

மூன்று பேஸ்களில் ஒன்றன் தொடுமுனை மட்டும் தேய்ந்து இணைப்பற்றுப்போனால், மோட்டார் மற்ற இரண்டிலே உறுமிக்கொண்டு ஓடிச் சூடேறும். ஓவர்லோட் ரிலே சரியாக அமைக்கப்படாவிடில் சுருள் எரிந்துவிடும்.

கறுப்பு நிறம் பழுதன்று

வெள்ளிக் கலவை முனைகளின் மேற்படரும் கறுப்பு, மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. உப்புத்தாளோ அரமோ இட்டால், வில் பல மாதங்களில் தின்னும் வெள்ளியை ஒரு நாழிகையில் நாமே சுரண்டியவராவோம். பழைய செம்புமுனை சுவிட்சுகள் மட்டுமே இதற்கு விலக்கு. செம்பின் மேற்படியும் களிம்பு மின்னோட்டத்தைத் தடுக்குமாதலின், அவற்றைச் சுத்தஞ் செய்தல் அவசியம்.

கைக்கொள்ள வேண்டியவை

1. மூடியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ்களைக் கழற்றி, மின்சாரமின்மையை டெஸ்டரால் உறுதிசெய்க. வேலையை லைசென்சு பெற்ற வயர்மேனிடம் ஒப்படைத்தல் நன்று.

2. வெள்ளி தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரிந்தால், மூன்று பேஸ்களின் முனைகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒருசேர மாற்றுக.

3. முனைகளில் எண்ணெயோ கிரீசோ தடவலாகாது. வில்லடக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டலாகாது.

4. தானே விழுந்த பிரேக்கரைக் காரணம் அறியாமல் திரும்பத் திரும்ப ஏற்றலாகாது.

5. கடகட ஒலி கேட்டால் உடனே நிறுத்தி, வோல்ட்டேஜ் சீரான பின்னரே ஓட்டுக.

ஒரு ஜதை தொடுமுனையின் விலை, மோட்டாருக்குச் சுருள் மாற்றும் கூலியை நோக்கச் சொற்பமே. மேற்கூறியவற்றைக் கவனித்து நடக்கும் குடியானவர்க்குத் தண்ணீர் தேவைப்படும் நாளில் மோட்டார் கைகொடுக்கும் என்பதில் ஐயமில்லை.